பேக்கரி வளைவில் காணாமல் போன வண்டி

மெரின் டல்லக்குக்கு எளிதில் குமட்டும். பாலில் படியும் ஆடை, அடுத்தவர் கோப்பையில் ஒட்டியிருக்கும் உதட்டுச் சாயம், கூட்டம் முடிந்ததும் காரணமே இல்லாமல் ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளும் அலுவலக வழக்கம், எல்லாமே அவளை முகம் சுளிக்க வைக்கும். அவள் மூஞ்சியைப் பார்த்தே எந்த வீட்டு அடுப்பில் எது தீய்ந்தது என்று சொல்லிவிடலாம் என்று பக்கத்து வீட்டு பெவ் ரவுன்ட்ரீ கேலி செய்வாள். ஆனால் ஐம்பத்தொரு வயதில் மெரினுக்கு இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் குமட்டியது ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துத்தான் அவள் பாதி ஆயுள் சாப்பிட்டிருந்தாள் என்பதுதான் கொடுமை.

எழுகை என்பதுதான் அந்தச் சொல். எறும்புக்கு வரிசை என்றால் என்னவென்று தெரியாது. முன்னால் போன எறும்பின் வாசனை பிடித்துப் போகத்தான் தெரியும். ஆயிரம் எறும்புகள் அப்படிப் போனால் வரிசை ஒன்று தானாக எழுந்துவிடுகிறது. யாரும் திட்டமிடவில்லை, யாரும் கட்டளையிடவில்லை. ஒவ்வொன்றிலும் தேடினால் கிடைக்காத ஒன்று, எல்லாம் சேர்ந்ததும் வந்து நிற்கிறது. இருபது வயதில் இதை முதன்முதலாகக் கேட்ட அன்று மெரின் டிராமில் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு கடைசி நிறுத்தம் வரை போனாள். அவ்வளவு பிடித்துப்போனது.

பிடித்த பாட்டை சோப்பு விளம்பரத்துக்குப் போட்டால் எப்படியிருக்கும், அதுதான் பிற்பாடு நடந்தது. வங்கிக்காரன் எழுகை என்றான், யோகா சொல்லிக்கொடுப்பவள் எழுகை என்றாள். எந்தக் கருத்தரங்குக்குப் போனாலும் மைனாக் கூட்டம் வானத்தில் சுருண்டு விரியும் அதே படத்தைப் போட்டார்கள், அதே இடத்தில் அதே ஆட்கள் பெருமூச்சு விட்டார்கள். போதாக்குறைக்கு அவள் புருஷன் ராஸ், அவளோடு டென்னிஸ் ஆடிய தோழியுடன் போனபோது வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு சொன்னது: "யாரும் பிளான் பண்ணல மெரின். தானா அப்படி ஆயிடுச்சு." போனதைக்கூட அவள் மன்னித்திருப்பாள். தன் படிப்பையே அவன் முக்காடாகப் போட்டுக்கொண்டு போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

வேலை மெல்பர்னில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில், வீடு மலைமேல் பெல்பேர்ட் ரிட்ஜில். அந்த ஊருக்கு ஒரே சாலை. வானம் தொடும் யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே இறங்கி, பேக்கரி முன்னால் முழங்கை மாதிரி மடங்கி, அப்புறம் சமவெளிக்குப் போகும். ஊரின் மேல் முனையிலிருந்து பழைய மரவெட்டிகளின் மண்பாதை ஒன்று மறுபக்கம் இறங்குகிறது. அதன் வாயில் இரும்புக் கேட்டும் பூட்டும். நீர்ப்பிடிப்புப் பகுதி என்று அரசாங்கம் பூட்டி வைத்திருந்தது. அந்தப் பாதையைச் சரிசெய்து திறந்துவிடுங்கள், காட்டுத்தீ வந்தால் இறங்க இரண்டாவது வழி வேண்டும் என்று ஊர் ஒவ்வொரு கோடையிலும் கேட்டது. ஒரு வழி போதாது என்பதற்கு ஆதாரம் என்ன என்று நகரசபை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேட்டது. கடைசியில் அந்த ஆதாரத்தைக் கண்டுபிடிக்கும் வேலை மெரினின் ஆய்வகத்துக்கே வந்தது.

தீ நாளன்று ஊர் எப்படி வெளியேறும் என்பதைக் கணினியில் ஓட்டிப்பார்க்க வேண்டும். சாலைகளைக் கட்டியது ஐவோ கிரான்யெட்ஸ், முப்பது தாண்டாத கெட்டிக்காரன். மேற்பார்வை பேராசிரியர் ஆலஸ்டர் பென்ஹாலோ. ஆட்களைச் செய்தது மெரின். பொம்மைகள் என்று அவர்கள் சொல்வது கணினித் திரையில் ஓடும் புள்ளிகளை. ஒவ்வொரு பொம்மைக்கும் இரண்டு மூன்று விதிதான். எச்சரிக்கை வந்ததுமே கிளம்பும் பொம்மை, ரப்பர் குழாயோடு வராந்தாவில் நின்று புகை கண்ணில் படும்வரை வேடிக்கை பார்க்கும் பொம்மை, பாதி வழியில் பூனை ஞாபகம் வந்து திரும்பும் பொம்மை. தன் ஊர் என்பதால் மெரின் ஆசை ஆசையாகச் செய்தாள். பெவ்வுக்கும் ஒரு பொம்மை செய்தாள். பெவ்விடம் மூன்று குதிரைகள், ஆனால் டிரெய்லரில் இரண்டுக்குத்தான் இடம். இரண்டை இறக்கிவிட்டு மூன்றாவதற்காக அவள் திரும்பி வருவாள் என்பது ஊருக்கே தெரியும். அவளைத் தடுக்க எந்தப் போலீசாலும் ஆகாது.

ஓட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்தபடி பேக்கரி வளைவில் வண்டிகள் முட்டி நின்றன. கொஞ்ச நேரத்தில் யாரும் எதிர்பாராதபடி அந்த நெரிசல் தானாகக் கரைந்தது. மறுபடி ஓட்டினார்கள், மறுபடி கரைந்தது. தீ வந்து சேரும் முன்பே மொத்த ஊரும் கீழே போய்விட்டது. பென்ஹாலோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். போலீஸ் இல்லை, சிக்னல் விளக்கு இல்லை, ஜனங்கள் தாங்களாகவே ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறார்கள், இதைவிடச் சுத்தமான எழுகையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. மெரினுக்கு வழக்கம்போலக் குமட்டியது. அது அந்தச் சொல்லால் வந்த குமட்டல் என்றே அவள் நினைத்துக்கொண்டாள்.

அறிக்கை அச்சுக்குப் போனது. நகரசபை அதிகாரி ரொவீனா பீல் அந்தத் தடித்த அறிக்கையை முதல் பக்கத்தில் ஒரே வரியாகச் சுருக்கினாள்: பெல்பேர்ட் ரிட்ஜுக்கு இரண்டாவது வழி தேவையில்லை. அதை ஊர் மண்டபத்தில் வைத்து ஊராருக்கு விளக்கிச் சொல்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

அந்த வாரம் ஒரு நாள் வேலியோரம் குதிரைச் சாணத்தை அள்ளிக்கொண்டிருந்த பெவ், மெரினைக் கூப்பிட்டாள்.

"உன் கம்ப்யூட்டர்ல நான் என்ன ஆனேன் கண்ணு? மூணாவது குதிரைக்குத் திரும்பிப் போனேனா?"

"போனீங்க."

"அப்புறம்?"

"பத்திரமா கீழ போயிட்டீங்க பெவ். எல்லாரும் போயிட்டாங்க."

"அந்த வளைவுல டிரெய்லரோட எதிர்த்திசையில வந்துமா? ஈஸ்டர் லீவுல நாலு டூரிஸ்ட் வண்டி வந்தாலே அங்க நகர முடியாது. எப்படிப் போனேன்னு பாத்துச் சொல்லு. நெசமாவே தீ வந்தா அதே மாதிரி பண்ணிக்கிறேன்."

பெவ் கிண்டலாகத்தான் கேட்டாள். ஆனால் மெரின் அதைப் பார்த்ததே இல்லை. ஒற்றைப் பொம்மையைப் பின்தொடர்ந்து பார்ப்பது இந்தத் தொழிலில் கௌரவக் குறைச்சல். கூட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரு எறும்பின் சொந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வரிசை கண்ணில் படாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். மெரினும் தன் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தவள்தான்.

மறுநாள் காலை அவள் பெவ்வின் பொம்மைக்கு நீல நிறம் கொடுத்து, அது ஒன்றை மட்டும் பார்த்தாள். நீலப் புள்ளி இரண்டு குதிரைகளோடு இறங்கியது. திரும்பி ஏறியது. பேக்கரி வளைவில் இறங்கும் கூட்டத்துக்கு எதிரே மாட்டி நின்றது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பிறகு அந்த இடத்தில் அது இல்லை. வளைவுக்கு அப்பால், காலியாகக் கிடந்த சாலையில், ஒன்றும் நடக்காத மாதிரி போய்க்கொண்டிருந்தது. இடைப்பட்ட தூரத்தை அது கடக்கவே இல்லை. மெரின் வேறொரு புள்ளிக்கு நிறம் கொடுத்தாள். அதுவும் அதே இடத்தில் காணாமல் போய், அப்பால் முளைத்தது. அதற்குப் பின்னால் நின்றதும் அப்படியே.

ஐவோ மேசையிலேயே ஆறிப்போன இறைச்சி பஃப்ஸைத் தின்றுகொண்டிருந்தான். கேட்டதும் அவன் முகத்தில் ஆச்சரியம்கூட இல்லை.

"அது சிக்கிக்கிட்ட வண்டியத் தூக்கி விடுற வசதி. ரொம்ப நேரம் அசையாம நின்னா, அடுத்து காலியா இருக்கிற ரோட்டுல கொண்டு வச்சிடும். சாஃப்ட்வேர்லயே அப்படித்தான் வரும். அது இல்லன்னா மொத்தமும் உறைஞ்சு போயிடும், ஓட்டம் முடியவே முடியாது."

"எத்தனை வண்டியத் தூக்குது?"

"நெறைய. ஒவ்வொண்ணுக்கும் மஞ்ச எழுத்துல எச்சரிக்கை வந்துக்கிட்டே இருக்குமே. கண்ணை உறுத்துதுன்னு நீங்கதான அதை நிறுத்தி வச்சீங்க?"

ஆமாம், அவள்தான் நிறுத்தி வைத்தாள். ஒரு மதியம், திரை முழுக்க மஞ்சள் வரிகள் ஓடியதில் எரிச்சலாகி, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலேயே ஒரு பொத்தானைத் தட்டினாள். அது ஞாபகம் வந்ததும் மெரின் கழிவறைக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கண்ணாடியில் தெரிந்த முகம் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு அந்த வசதியை எடுத்துவிட்டு ஓட்டினாள். இப்போது உண்மையிலேயே ஒன்று எழுந்தது. பூனைக்காக ஒருவர் திரும்பினார். அவருக்கு வழிவிட ஒருவர் மரியாதையாக ஒதுங்கினார். ஒதுங்கியவர் பக்கத்துத் தெருவின் வாயை அடைத்துக்கொண்டார். அந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒருவர்கூடத் தப்புச் செய்யவில்லை. எல்லோரும் நல்ல அண்டை வீட்டுக்காரர்களாக நடந்துகொண்டார்கள், அப்படி நடந்தே ஊர் மொத்தமும் பூட்டிக்கொண்டது. நீலப் புள்ளி நின்ற இடத்திலேயே நின்றது. தீயைக் குறிக்கும் சிவப்புக் கோடு மேலிருந்து நகர்ந்து வந்து அதன்மேல் ஏறியது. இருபது வயதில் டிராமில் உட்கார்ந்தபடி எதை நினைத்துச் சொக்கிப்போனாளோ, அதேதான் இது. இத்தனை வருஷம் கழித்து நிஜமான ஒன்றைப் பார்த்திருக்கிறாள், பார்க்கத்தான் சகிக்கவில்லை.

பென்ஹாலோவிடம் போனாள். அவர் புதினா மிட்டாயை வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனுஷர் இல்லை. அவள் அம்மா இறந்தபோது முதலில் பூ அனுப்பியவர். முடிவுக்கே வராத ஓட்டத்தை முடிவு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். வேண்டுமானால் இணைப்புப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புச் சேர்த்துவிடலாம் என்றார்.

"அந்த நெரிசல் கரையல ஆலஸ்டர். நாம வண்டிகளப் பொறுக்கி எடுத்துட்டோம். நீங்க பாத்து அழுதது அதைத்தான்."

"யாரும் பொய் சொல்லல மெரின்," என்றார் அவர், மிட்டாய் வாசனையோடு. "அதை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க."

அவர் சொன்னது உண்மை. மலையடிவாரம் வரை போகும் ரயிலில் மெரின் அதையே மென்றுகொண்டு போனாள். ஓட்டம் உறையக் கூடாது என்று எங்கோ ஒரு நல்ல மனுஷன் தூக்கி விடும் வசதியைச் செய்தான். வந்தது வந்தபடி இருக்கட்டும் என்று ஐவோ விட்டுவைத்தான். அவள் மஞ்சள் எழுத்தை மறைத்தாள். மிஞ்சியதற்குப் பென்ஹாலோ பெயர் வைத்தார். ரொவீனா பீல் ஒரு வரியாக்கினாள். ஒவ்வொருவர் கையிலும் தேடினால் பொய் கிடைக்காது. எல்லோரும் சேர்ந்ததும் பொய் மட்டும் மலை மாதிரி எழுந்து நிற்கிறது. எதிர் இருக்கையில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட வாழைப்பழத் தோல் கறுத்துக் கிடந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபம் நிரம்பிவிட்டது. வெளியே தீயணைப்புத் தொண்டர்கள் ரொட்டியில் சாசேஜும் வெங்காயமும் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பென்ஹாலோவும் ரொவீனாவும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மைனாக் கூட்டம் வழக்கம்போலத் திரையில் சுருண்டு விரிந்தது. அப்புறம் ஊரின் படம், நெரிசல், நெரிசல் கரைவது. பென்ஹாலோ அழகாகப் பேசினார். இந்த ஊர் ஓர் உயிர், அதற்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும் என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். தங்கள் ஊரைப் புகழ்ந்தால் யார்தான் தட்ட மாட்டார்கள். வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியாமல் மெரின் கைக்குட்டையில் துப்பினாள்.

குடும்பங்கள் எப்படி முடிவெடுக்கின்றன என்பதைப் பற்றி அவள் கொஞ்ச நேரம் பேசுவதாக ஏற்பாடு. மெரின் மேடையேறி அதைப் பேசாமல் மடிக்கணினியைத் திறந்தாள்.

"பெவ், இந்த நீலப் புள்ளி நீங்க."

"பின்னாடி டிரெய்லர் இருக்கிறதால குண்டாத் தெரியிறேன்," என்றாள் பெவ் மூன்றாம் வரிசையிலிருந்து. மண்டபம் சிரித்தது.

நீலப் புள்ளி இறங்கியது, திரும்பி ஏறியது. மூன்றாவது குதிரைக்காகத்தானே என்று யாரோ கத்த, மறுபடி சிரிப்பு. வளைவில் மாட்டி நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போனது. சிரிப்பும் நின்றுவிட்டது.

"எங்க போனேன்?"

"உங்களத் தூக்கிட்டோம் பெவ். வளைவுக்கு அந்தப் பக்கம் வண்டியோட கொண்டு வச்சுட்டோம். அங்க சிக்கின எல்லாரையும் அப்படித்தான் பண்ணோம்."

"யாரு தூக்கினது?"

மெரின் ஐவோவைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான். பென்ஹாலோ கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை நீட்டிக் காட்ட ஒரு ஆள் இல்ல. ஆளுக்குக் கொஞ்சம். அப்படித் தூக்குறோம்னு கம்ப்யூட்டர் எச்சரிச்சுக்கிட்டே இருந்துச்சு. அந்த எழுத்த மறைச்சு வச்சது நான்."

பிறகு தூக்காத ஓட்டத்தைப் போட்டாள். சிவப்புக் கோடு நகர்ந்து வந்து நீலப் புள்ளியின் மேல் ஏறியது. ரொவீனா பீல் எழுந்தாள். இது ஓர் ஆய்வாளரின் தனிப்பட்ட கவலை, பதிவு செய்துகொள்ளப்படும், அறிக்கை ஏற்கெனவே ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது, அடுத்த மறுபரிசீலனையில் பார்க்கலாம், எல்லோரும் வந்ததற்கு நன்றி. ஒரு கறையைத் துடைப்பதுபோல அவ்வளவு சுத்தமாகச் சொல்லி முடித்தாள். முன் வரிசையிலிருந்த ஒரு கிழவர் தன் அறிக்கைப் பிரதியை இரண்டாக மடித்து, சாசேஜ் கொழுப்பு பட்ட விரல்களை அதில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தார்கள். பேக்கரிக்கு ஸ்கோன் ரொட்டி தின்ன வந்திருந்த டூரிஸ்டுகளும் அப்போதுதான் கிளம்பினார்கள். குதிரைப் போட்டியிலிருந்து நேராக டிரெய்லரோடு கூட்டத்துக்கு வந்திருந்த பெவ்வுக்கு, வளைவை எட்டியதும், கேக் கொண்டுபோன தட்டை மண்டபத்திலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திருப்பினாள். அவளுக்கு வழிவிட ஒருவர் ஒதுங்கினார். ஒதுங்கியவர் பேக்கரியோரச் சந்தின் வாயை அடைத்துக்கொண்டார். யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவருக்கொருவர் கையசைத்து, நீங்கள் முதலில், நீங்கள் முதலில் என்றார்கள்.

நடந்து வந்த மெரின் அந்த வரிசையோரமாகவே இறங்கினாள். டீசல் புகையோடு கலந்த வெங்காய வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டாள். வளைவுக்கு நடுவே, முன்னாலும் பின்னாலும் வண்டி நிற்க, பென்ஹாலோவின் கார் மாட்டிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த ரொவீனா கண்ணாடியை இறக்கினாள். அவள் நெற்றி வியர்த்திருந்தது.

"ரொம்ப நேரமா அசையவே இல்ல. எனக்கு கீழ இன்னொரு மீட்டிங் இருக்கு. இந்த ஊர்லேருந்து இறங்க வேற வழியே கிடையாதா?"

கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது. மெரின் மலையின் மேல் முனையைக் கைகாட்டினாள்.

"இருக்கு. பூட்டி வச்சிருக்கீங்க."

ரொவீனா கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் நின்ற இடத்திலேயே நின்றது.